டிராக்டர் எஞ்சின் கொதித்தலும் அதனைத் தடுக்கும் முறைகளும்

நெல் சாகுபடியில் சேற்றுழவுக்குக் கிடைக்கும் காலம் மிகவும் குறுகியது. முறை வைத்து ஜலம் விடப்படும் கிராமங்களில், வயலில் ஜலம் நிற்கும் இரண்டொரு நாட்களுக்குள் உழவு முடிந்தாக வேண்டும். அச்சமயத்தில் டிராக்டர் கொதித்து நின்றுவிடுமாயின், நாற்று முற்றிப்போகும். நடவு ஆட்கள் வேறு வயலுக்குச் சென்றுவிடுவர். கொதிப்பதைப் பொருட்படுத்தாமல் மேலும் ஓட்டினாலோ, எஞ்சினின் தலைப்பாகம் வளைந்து, அதன் கீழுள்ள காஸ்கெட் கெட்டுப் பெருஞ்செலவு நேரிடும். இத்தகைய தொல்லை கண்டவர்களுள் பலர், பெரிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் போதுமென்று எண்ணுகின்றனர். அது சிற்சில சமயங்களில் அவசியமே. ஆயினும் அது கடைசியில் செய்ய வேண்டிய காரியமேயன்றி முதலில் செய்யத்தக்கதன்று.

எரிக்கப்படும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும். சாலையில் விரைந்து செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்று உதவுகின்றது. சேற்றில் மெல்ல ஊர்ந்து முழுப் பாரமும் இழுக்கும் டிராக்டருக்கோ விசிறியின் காற்றே துணை. அமெரிக்கப் பண்ணைகளில் இருவர் அருகருகே அமர்ந்து காடுமேடுகளில் ஓட்டும் சிறு வண்டிகளிலும் இதே குறை உண்டு. சேறு அடைக்காதிருக்கும்பொருட்டு அவற்றின் ரேடியேட்டரை உயரத்தில் மாற்றி வைப்பாரும் உளர்.

சீர்திருத்தத்தைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்தல் நலம்.

1. காற்று வழி: பதரும், தூசியும், வைக்கோல் துணுக்குகளும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடைந்து காற்றைத் தடுக்கும். வைக்கோல் கட்டும் யந்திரத்தோடு வேலை செய்யும் நாட்களில் ஒரு நாளில் பலமுறை கூடச் சுத்தம் செய்ய நேரிடும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டபின், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றையோ ஜலத்தையோ மெல்லச் செலுத்த வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி, உள்ள வழியும் அடைபட்டுப்போம்.

2. விசிறி: பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழலாம்; அதிகம் தாழ்ந்தால் அது வழுக்கும். விசிறியைச் சுற்றியுள்ள உறையைக் கழற்றி எறிந்துவிடுதல் பெருந்தவறு. உறை இல்லாவிடில் விசிறி சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும்.

3. ஜலம்: உவர்க் கிணற்று ஜலத்தை ஊற்றினால் குழாய்களின் உட்புறம் சுண்ணாம்புக் காரை படிந்து உஷ்ணம் வெளியேறாது. யந்திரம் செய்தோர் குறிப்பிட்ட கூலண்டைக் காய்ச்சி வடித்த ஜலத்துடன் கலந்து ஊற்றுதல் உத்தமம். அது துருவையும் காரையையும் தடுக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிப்புச் சுவையுடைய விஷம். ஆகையால் வடித்ததைக் கால்நடைகள் குடிக்கும் இடத்தில் கொட்டலாகாது. அலுமினிய ரேடியேட்டரைக் காஸ்டிக் சோடாவினால் கழுவுதலும் ஆகாது.

4. மூடியும் தெர்மோஸ்டாட்டும்: சாதாரண ஜலம் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருப்பின் சுமார் 111 டிகிரி வரை கொதியாது. மூடியின் ரப்பர் கெட்டால் இந்த லாபம் போய்விடும். புது மூடியின் விலையோ சொற்பமே. ஆயினும் குறித்த அளவுக்கு மேற்பட்ட அழுத்தமுள்ள மூடியைப் போடலாகாது. அது உஷ்ணத்தைக் குறைப்பதில்லை. பழைய குழாய்களை வெடிக்கச் செய்யும். தெர்மோஸ்டாட்டை நீக்கிவிட்டு ஓட்டுவதும் தகாது. எஞ்சின் போதிய சூடு பெறாமல் எண்ணெய் சரியாக எரியாது, தேய்மானமும் மிகும்.

5. பெரிய ரேடியேட்டர்: மேற்சொன்னவை யாவும் செவ்வையாக இருந்தும் கடும் பாரத்தில் கொதிக்குமாயின், குழாய் வரிசை அதிகமுள்ள ரேடியேட்டரைப் பொருத்தலாம். தடித்த ரேடியேட்டரினூடே காற்றை இழுப்பது கடினமாதலால், விசிறியும் உறையும் அதற்கு ஏற்றனவாயிருத்தல் வேண்டும். வாங்குமுன் ஒரு சோதனை அவசியம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஓட்டினால், ஜலத்தில் இடைவிடாது குமிழிகள் எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எழுமாயின் காஸ்கெட் பழுதாயிருக்கலாம். அதனை எந்த ரேடியேட்டரும் தீர்க்காது.

வயலில் திடீரெனச் சூடு ஏறினால் பாரத்தை உடனே நீக்கி, எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தலாம். ஜலம் வெளியேறிப்போயிருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கவும் கூடும்.

கிராமத்தில் பலருக்கு வாடகைக்கு விடப்படும் டிராக்டர்களை ஓட்டுவோர் அடிக்கடி மாறுவதால், குறையை ஒருவரும் கவனிப்பதில்லை. கூலண்ட் எப்போது, எவ்வளவு ஊற்றப்பட்டது என்று ஒரு சிறு புத்தகத்தில் குறித்துவருமாறு கிராம அதிகாரிகள் வற்புறுத்துவார்களாயின், கசிவு உள்ள யந்திரம் சேற்றுழவுக்கு முன்பே தெரிந்துவிடும். பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாக இவற்றைச் சோதித்துக்கொள்ளும் விவசாயிக்கு, முறை ஜலம் வரும் நாளில் யந்திரம் கைகொடுக்கும் என்பதில் ஐயமில்லை.