மீண்டும் கடலுக்குப் போகுமுன்: படகுப் பதிவும் தொழில் அனுமதிப்பத்திரமும்

சொந்த ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் படகும் வலையும் வாங்கத் தோன்றும். பணத்தைக் கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

இலங்கையில் கடற்றொழில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல்வளச் சட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. இச்சட்டப்படி உங்களுக்கு இரண்டு பத்திரங்கள் தேவைப்படும். ஒன்று, படகின் பதிவு. மற்றையது, நீங்கள் செய்யும் தொழிலுக்கான அனுமதிப்பத்திரம். கரைவலை, சங்கு குளித்தல், கடலட்டை பிடித்தல் போன்றவற்றுக்கு இது அவசியம். படகு பதிவாகியிருந்தாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இத்தொழில்களைச் செய்ய முடியாது. அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பத்திரங்கள் தொலைந்துவிட்டனவா?

மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கு அல்லது உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் செல்லுங்கள். தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் வதிவிட உறுதிக் கடிதம், கடற்றொழிலாளர் சங்கக் கடிதம், கைவசமுள்ள பழைய பிரதிகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். பழைய படகின் பதிவிலக்கம் நினைவிலிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பாவித்த படகொன்றை வாங்குவதானால், பதிவு யார் பெயரில் உள்ளது என்று முதலில் பாருங்கள். உரிமை மாற்றத்தை அலுவலகத்துக்கு அறிவித்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அமைச்சின் செயலாளருக்கு மேன்முறையீடு செய்யலாம்.

எவை தடை?

தங்கூசி வலை மலிவாகக் கிடைக்கலாம். வாங்காதீர்கள். அது தடைசெய்யப்பட்ட வலை; பிடிபட்டால் வலையும் போகும், வழக்கும் வரும். வாழ்வாதார உதவிப் பணத்தை அதில் இழக்க வேண்டாம்.

இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. வெளியார் படகுக்கு மட்டுமல்ல, உள்ளூர்ப் படகுக்கும் இத்தடை பொருந்தும்.

டைனமைற்றோ நஞ்சோ பாவித்து மீன் பிடிப்பது குற்றம். விற்பதற்கானாலும் வீட்டுக் கறிக்கானாலும் அது குற்றமே. அப்படிப் பிடித்த மீனை வாங்குவதும் விற்பதும் கூடக் குற்றம். எனவே சந்தையில் மீன் விற்கும் பெண்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

கடலாமை, கடற்பசு ஆகியவற்றைப் பிடிக்கக்கூடாது. வலையில் உயிருடன் அகப்பட்டால் விட்டுவிடுங்கள். முட்டையுடனான சிங்கறாலையும் கடலிலேயே விடுங்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்

யுத்தகால வெடிபொருள்கள் கரையிலும் ஆழமற்ற கடலிலும் கிடக்கலாம். மீன் பிடிப்பதற்காக அவற்றிலிருந்து வெடிமருந்து எடுப்பது உயிரைப் பறிக்கும். தொடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

படிவம் நிரப்பத் தெரியவில்லையெனத் தயங்க வேண்டாம். உங்கள் சங்கத்தில் உதவி கேளுங்கள். பத்திரங்கள் கைக்கு வந்ததும் பிரதி எடுத்து வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.