மாற்று வரலாற்றுப் புனைவில் சான்றின் இடம்

நிகழ்ந்து முடிந்த போரொன்றின் முடிவை மாற்றி, அம்மாற்றத்தால் விளையும் உலகைக் களமாகக் கொண்டு எழும் நூலை மாற்று வரலாற்றுப் புனைவு என்பர். அணிநூலார் கூறும் இல்பொருள் உவமை இதனை விளக்கத் துணைசெய்யும். அவ்வுவமையில் உறுப்புக்கள் தனித்தனியே உள்பொருள். அவற்றின் கூட்டமே இல்பொருள். இப்புனைவிலும் ஆளும் ஊரும் ஆவணமும் பெரும்பாலும் மெய்யாகவே அமைய, அவை இயைந்த முறை மட்டும் கற்பனையாகின்றது. ஆயின், மெய்யுறுப்பு இஃது எனப் படிப்போன் எங்ஙனம் அறிவான்? இரண்டாம் உலகப் போர் பற்றிய மூன்று ஆங்கில நாவல்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வாம்.

காதரின் பர்டெக்கின் என்னும் அம்மையார், மரீ கான்ஸ்டன்டைன் என்ற ஆண்பெயரில் 1937-இல் வெளியிட்ட நூல் 'ஸ்வஸ்திகா நைட்'. போருக்கு முன்னரே எழுந்தமையின், இதனை வருவதுரைத்தல் என்பதே பொருத்தம். எனினும் நம் வினாவின் வித்து இதன்கண் உண்டு. ஹிட்லர் தெய்வமாகிப் பல நூற்றாண்டுகள் கழிந்த அவ்வுலகில் பண்டை வரலாற்று நூல்கள் அழிந்தொழிந்தன. ஒரு குடும்பத்தார் வழிவழி மறைத்துக் காத்த கையெழுத்து நூலொன்றும் நிழற்படமொன்றுமே எஞ்சுகின்றன. பொன்முடியும் நெடிய உருவமும் உடையவராக வணங்கப்பெற்றவர் குறுகிய கருமயிர் மனிதரே என்பதை அப்படம் காட்டிவிடுகின்றது.

இங்குச் சான்று ஐயமின்றி வெல்கின்றது. பிலிப் கே. டிக் 1962-இல் எழுதிய 'தி மேன் இன் தி ஹை காசில்' அத்தெளிவைத் தர மறுக்கின்றது. 1933 பிப்ரவரி 15 அன்று மயாமி நகரில் சங்காரா என்பான் ரூஸ்வெல்ட்டை நோக்கிச் சுட்டான், அவர் பிழைத்தார், குண்டுபட்ட சிகாகோ நகரத் தலைவர் செர்மாக் பின்னர் இறந்தார். டிக்கின் உலகில் ரூஸ்வெல்ட் கொல்லப்படுகின்றார். அமெரிக்கா வலியிழந்து தோற்று, ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் கூறுபடுகின்றது. பேரழிவின் காரணத்தை ஒரு குண்டில் அடக்குதல் இவ்வகை நூல்களின் பொதுக்குறை என்றே யாம் கருதுகின்றோம். டிக்கும் அதற்கு முற்றும் விலக்கல்லர்.

அவர்தம் சிறப்பு வேறிடத்தில் உளது. போலிப் பழம்பொருள் செய்விக்கும் ஆலை முதலாளி ஒருவன் இரு லைட்டர்களைக் காட்டுகின்றான். ஒன்று ரூஸ்வெல்ட் இறந்தபோது அவர் பையில் இருந்தது. மற்றொன்று வெறும் லைட்டர். கண்ணாலும் கையாலும் வேறுபாடு காணல் இயலாது. வரலாறு பொருளில் இல்லை, உடன்வரும் சான்றுத்தாளிலேயே உள்ளது என்பது அவன் துணிபு. சுவடிகளுக்குக் காலம் வரையறுக்க முயன்றார்க்கு இத்துணிபு எளிதில் தள்ளத்தக்கதன்று. நாவலுக்குள் வரும் தடைசெய்யப்பட்ட நாவலொன்று ஜெர்மனி தோற்றதாகக் கூறும். அதிற் கண்ட உலகும் நம் உலகன்று. படிப்போனுக்கு நிற்க நிலமில்லை.

இராபர்ட் ஹாரிஸ் 1992-இல் வெளியிட்ட 'ஃபாதர்லேண்ட்' அந்நிலத்தை மீட்க முயல்கின்றது. 1964-இல் வெற்றிபெற்ற ஜெர்மனியின் தலைநகரில், காவல் அதிகாரி ஒருவர் கொலைகளைத் துப்பறிந்து, மறைக்கப்பட்ட யூதப் படுகொலையின் ஆவணங்களை அடைகின்றார். அவற்றின் நடுநாயகம் 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே ஏரிக்கரையில் பதினைவர் கூடிய கூட்டம். இக்கூட்டம் மெய்யாக நிகழ்ந்தது. அதன் குறிப்பேடு 30 படிகள் எடுக்கப்பெற்றது. 16-ஆம் படி ஒன்றே 1947-இல் ஜெர்மன் வெளியுறவு அலுவலகக் கோப்புக்களினின்று அமெரிக்க வழக்குத் தொடுப்போர்க்குக் கிடைத்தது. அதுவும் அழிந்திருப்பின் படுகொலைக்குப் பிற சான்றுகள் பல இருந்திருக்கும். அக்கூட்டத்தாரின் அலுவல்நடையை மட்டும் நாம் அறிந்திரோம்.

ஆயினும் ஹாரிஸ் மெய்யாவணங்களோடு தாம் புனைந்தவற்றையும் கலந்துள்ளார். கதைக்குள் இரண்டும் டிக்கின் லைட்டர்களே. மெய்யாவன இவையென அவர் நூலிறுதிக் குறிப்பில் பெயர் சுட்டிப் பிரிக்கின்றார். அப்பக்கத்தைப் பிற்சேர்க்கை எனக் கருதி மொழிபெயர்ப்பாளரோ பதிப்பாளரோ விடுவராயின், கொல்லப்பட்டோர் பற்றிய சான்றும் கதையாகிவிடும். ஆகலின் அக்குறிப்பை நாவலின் உறுப்பாகவே கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து.