சொல்லும் தண்டமும்

தன்பால் விழைவோரையும் பால் திரிந்தோரையும் அரசுகள் ஒறுத்த வரலாற்றில், தண்டத்துக்கு முன்னரே சொல் கருவியாயிற்று என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஆண்மை திரிந்தாரைச் சுட்டும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை என்றும், அஃது உயர்திணைப் பாலீறு கொண்டே முடியும் என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் விதித்தார். சீனாபுரத்தினர் எனக் கொங்குநாட்டார் போற்றும் பவணந்தி முனிவரோ, பேட்டினை அதன் விழைவு நோக்கி ஆண்பால், பெண்பால் எனப் பகுத்து, அஃறிணை போல் வழங்குதலையும் நன்னூலில் உடன்பட்டார். உயர்திணையினின்று இம்மாந்தர் சிறிது நழுவியமை இதனால் விளங்கும். எனினும், இவை சொல் வழக்குப் பற்றிய விதிகளேயன்றித் தண்டம் பற்றியன அல்ல.

தண்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. 1860இல் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ புணர்ச்சிக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. அவ்வியற்கை யாது என வரையறுத்ததில்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துச் சாதிகள் பலவற்றைப் பிற்காலத்தில் வருத்தியமையைத் தமிழர் நன்கறிவர். 1871இல் அது பிறந்தபோதே, அதன் இரண்டாம் பகுதி ‘அலிகள்’ எனத் தான் குறித்தோரை ஐயத்தின் பேரிலேயே பதிவேட்டில் ஏற்ற வழிசெய்தது. பதியப்பெற்றோர் பெண்ணுடையில் தெருவில் தோன்றினும், பொதுவிடத்தில் ஆடினும் இரண்டாண்டு வரை சிறை. அவர் மகவேற்கவோ இறுதிமுறி எழுதவோ இயலாது. பாலும் விழைவும் வெவ்வேறு என்பதை அச்சட்டம் நோக்காது, இரண்டனையும் ஒரு குற்றமாக்கிற்று.

கடல் கடந்தும் நிலை இதுவே. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1953இல் பிறப்பித்த 10450ஆம் ஆணை, ‘பாலியல் நெறிபிறழ்வு’ என்னும் ஒரு தொடரை அரசுப் பணி நீக்கத்துக்குரிய காரணங்களுள் வைத்தது. அத்தொடரால் பணியிழந்தோர் ஆயிரவர்.

இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் தம்முள் உடன்பட்டுக் கொள்ளும் உறவு குற்றமன்று என 2018இல் தீர்ப்பளித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தம் அறியாமையை வெளிப்படையாக ஒப்பி, உளவியலாரிடம் கேட்டறிந்து, இவரை ‘மாற்றும்’ மருத்துவத்தைத் தடுக்க ஆணையிட்டார். அவ்வழக்கின் பயனாக 2022இல் தமிழக அரசு மதிப்புடைய சொற்களின் தொகுதியை அரசிதழில் வெளியிட்டது.

சட்டம் சொல்லைத் திருத்தியது. நம் அகராதிகளும் வகுப்புரைகளும் இன்னும் முற்றத் திருந்தவில்லை. பேடு என்னும் நூற்பாவை நாம் விளக்குங்கால் எழும் நகைப்பின் நடுவே, தலைகவிழ்ந்திருக்கும் மாணவர் ஒருவர் இருத்தல் கூடும். அவரும் உயர்திணையே என்பதை நூற்பாவோடு நிறுத்தாது, நம் சொல்லாலும் நிறுவுதல் கடன்.