உங்கள் வீட்டுக்குச் சொந்த முகவரி உண்டா?

கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று ஊர்களில் இருந்துகொண்டு ஒரே இடத்தில் வீடு கட்டுகிறார்கள். அக்கா மகள் இருப்பது கொல்கத்தாவின் டாக்குரியாவில். அவளுடைய மாமா பிள்ளைகள் சென்னை நங்கநல்லூரிலும் மதுரையிலும் இருக்கிறார்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்னை போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அவர்கள் வீடு கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் அந்தத் தூரம் கிடையாது. ஆனால் அந்த உலகம் எங்காவது ஒரு கணினியில் ஓடியாக வேண்டும். மாதாமாதம் பணம் கட்டி சர்வர் வாடகைக்கு எடுப்பானேன், நம் கணினியிலேயே ஓட்டலாமே என்று அக்கா மகள் முடிவு செய்தாள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டால் போதும் என்று பள்ளித் தோழன் ஒருவன் சொல்லியிருந்தான். போட்டாள். "சித்தி, அவங்களால உள்ளயே வர முடியலயாம். டைம்டு அவுட்னே காட்டுதாம்" என்று என்னிடம் வந்து நின்றாள்.

அவள் போட்டிருந்த விதியைப் பார்த்தேன். வெளிப் போர்ட் 25565, உள் போர்ட் 25565, டி.சி.பி., கணினியின் முகவரி 192.168.0.105. எல்லாம் சரி. விண்டோஸ் ஃபயர்வாலில் ஜாவாவுக்கு அனுமதியும் கொடுத்திருந்தாள். பிறகு ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தோம். வெளியிலிருந்து ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் ஐ.பி. முகவரியைக் காட்டும் வரியில் 100.72 என்று தொடங்கும் எண் இருந்தது. அந்த எண் இருக்கும்வரை ரவுட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை.

போர்ட் ஃபார்வர்டிங் பற்றி எந்த விளக்கத்தைப் படித்தாலும் மெனு எங்கே இருக்கிறது, எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பதில்தான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதற்கும் முன்னால் இருக்கிறது. உங்கள் இணைப்புக்கு உலகம் அறிந்த முகவரி ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் அந்த விதியைப் போட்டும் ஒன்றுதான், போடாமல் இருந்தும் ஒன்றுதான்.

டாக்குரியாவில் இப்போது எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். கீழே ஒரு தர்வான், அதாவது வாசல் காவலாளி, உட்கார்ந்திருப்பார். வீட்டு ரவுட்டரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கணினி, செல்போன், டி.வி. எல்லாவற்றுக்கும் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் கதவு எண்கள் உண்டு. 192.168 என்று தொடங்குபவை அவைதான். உள்ளேயிருந்து ஒருவர் வெளியே கடிதம் அனுப்பினால் தர்வான் குறித்துவைத்துக்கொள்வார். பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பார். யாரும் எழுதாத கடிதத்துக்கு ஒரு பதில் வந்தால் யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுவார். "25565 என்று எழுதி எது வந்தாலும் 105ஆம் கதவுக்கு அனுப்பு" என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இதெல்லாம் கட்டடத்துக்கு என்று தெருவில் ஒரு முகவரி இருந்தால்தான். எங்கள் கட்டடமோ பெரிய காலனி ஒன்றுக்குள் இருந்தது. காலனியின் வாசலில் இன்னொரு தர்வான். அவரிடம் பேச எங்களுக்கு வழியே கிடையாது.

அந்தப் பெரிய வாசலின் பெயர் சி.ஜி.நாட். இணைய நிறுவனமே தன் வாடிக்கையாளர்கள் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பது. 2012 ஏப்ரலில் இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான எண்களை இணையத்தின் தொழில்நுட்ப அமைப்பு ஒதுக்கிவைத்தது. உங்கள் ரவுட்டரில் இந்த எண்கள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ, 192.168 என்றோ தொடங்கினாலும், வீட்டுக்குள்ளேயே முன்னால் இன்னொரு ரவுட்டர் இல்லாதவரை, கதை அதேதான். வேறு எண்ணாக இருந்தால் கூகுளில் 'என் ஐ.பி. என்ன' என்று தேடி, வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஏன் இந்த நிலைமை என்றால், இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான் உண்டு. அவை தீர்ந்துவிடும் என்று தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. பல கருவிகளை ஒரு முகவரிக்குள் அடக்கும் நாட் முறையை 1994 மே மாதம் ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் முன்வைத்தார்கள். 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசித் தொகுப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்குப் பொறுப்பான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் தன் கடைசித் தொகுப்பை ரேஷன் முறையில் கொடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள். 2019இல் அதையும் 512 ஆகக் குறைத்தார்கள்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது முதல் வரிசையில் இருந்த ஊர்களில் கல்கத்தாவும் ஒன்று. ஆனால் ஃபைபர் வீட்டு வாசலுக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். இந்த ஊரில் பல தெருக்களில் அதைக் கொண்டுவந்து சேர்ப்பவர் பாடாவின், அதாவது பேட்டையின், கேபிள்காரர். பிந்தி வரும் நிறுவனம், கிடைக்கும் சில முகவரிகளைப் பங்கு போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள் உண்டு. வீட்டுக்கு ஆயிரம் என்று பங்கு வைத்தால் ஒரு முகவரியில் அறுபது சொச்சம் வீடுகள் அடங்கும். 1,024 முகவரி மட்டுமே வைத்திருக்கும் நிறுவனம் இப்படிப் பங்கு போட்டால் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இணைப்பு கொடுத்துவிடலாம். கணக்குப்படி பார்த்தால் அவர்களைக் குறைசொல்ல முடியவில்லை. வாங்கும்போது சொல்லாததுதான் எனக்குக் கோபம்.

எங்கள் கேபிள்காரரை அழைத்தேன். அன்று கீழ்த் தளத்தில் யாருக்கோ அறுந்துபோன ஃபைபரை இணைத்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து, இழையின் மேலுறையை உரித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, சின்னக் கருவியில் வைத்து நுனியை நேராக வெட்டினார். இரண்டு முனைகளையும் ஸ்பிளைசிங் மெஷினுக்குள் வைத்ததும் திரையில் அவை உத்தரம் போலப் பெரிதாகத் தெரிந்தன. ஒரு பொறி, இழை ஒன்றாகிவிட்டது. தலைமுடி கனமுள்ள கண்ணாடியை இவ்வளவு நேர்த்தியாக ஒட்டத் தெரிந்தவர், நான் முகவரி விஷயத்தைச் சொன்னதும் "ஸ்பீடு வருதில்ல தீதி, அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார். அவர் மேல் தவறில்லை. அவருக்கும் மேலே இருப்பவர்கள் விற்கச் சொல்லிக் கொடுத்தது வேகத்தை மட்டும்தான். விளம்பரப் பலகையில் எத்தனை எம்.பி.பி.எஸ். என்று கொட்டை எழுத்தில் இருக்கும். முகவரி சொந்தமா பங்கா என்று ஒரு வரிகூட இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர், வேலரன்ட் ஆடுகிறவர்களுக்குப் போர்ட் ஃபார்வர்டிங் தேவையே இல்லை. அவற்றின் சர்வர்களை நிறுவனங்களே நடத்துகின்றன. உங்கள் கருவிதான் வெளியே போய் அவற்றைத் தேடுகிறது. போர்ட்டைத் திறந்தால் பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், குறையும் என்று நம்பிப் பிள்ளைகள் மணிக்கணக்கில் ரவுட்டரோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறேன். குறையாது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சர்வர் மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொல்கத்தாவிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் 1,650 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. போய்வர 16 மில்லிசெகண்ட் கண்டிப்பாக வேண்டும்; கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் இன்னும் கூடும். லேக் ஆகிறதென்றால் முதலில் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள்.

போர்ட் திறப்பது தேவைப்படுவது, உலகத்தை உங்கள் வீட்டிலேயே நடத்தும்போது. மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு 25565 டி.சி.பி.; பெட்ராக் பதிப்புக்கு 19132 யு.டி.பி.; டெராரியாவுக்கு 7777. எக்ஸ்பாக்ஸில் நாட் வகை 'ஸ்ட்ரிக்ட்' என்று காட்டி நண்பர்களின் குரல் கேட்காமல் போனால் 3074ஐப் பார்க்க வேண்டியிருக்கும்.

சொந்த முகவரி இருக்கிறது என்று உறுதியான பிறகு, வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்நுழையும் முகவரி இருக்கும். போன கையோடு பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அடுத்து, கணினிக்கு உள் முகவரியை நிரந்தரமாக்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான். இன்று 105ஆக இருக்கும் கணினி, மின்சாரம் போய்த் திரும்பியதும் 108ஆகிவிட்டால் விதி ஆளில்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். விதி போடும் பக்கத்துக்குச் சில ரவுட்டர்களில் 'விர்ச்சுவல் சர்வர்' என்று பெயர். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டு இருந்தால் இரண்டுமே தர்வான் வேலை பார்க்கும். பெட்டியை, தர்வான் வேலையை விட்டுவிட்டு வெறும் வழியாக மட்டும் இருக்கும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் சோதனையை வீட்டு வைஃபையிலிருந்து செய்யாதீர்கள். உள்ளேயிருந்து தன் வெளி முகவரியையே தேடினால் பல ரவுட்டர்களுக்குக் குழப்பம் வந்துவிடும். செல்போனின் மொபைல் டேட்டாவை வைத்துச் சோதியுங்கள்.

திறந்த வாசலை உறவுக்காரப் பிள்ளைகள் மட்டும் பார்ப்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஸிமேப் என்ற கருவி, பழைய முறையிலுள்ள முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் ஒரு கணினியிலிருந்தே தட்டிப் பார்த்துவிடும். 2016இல் உலகையே ஆட்டிவைத்த மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத பாஸ்வேர்டுள்ள கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அதை எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் சர்வர்களைச் சுற்றிய வியாபாரப் போட்டியில் திளைத்த அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டது தெரியவந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல்தொகுப்பின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, மைன்கிராஃப்டின் சாட்டில் ஒரு வரி தட்டினாலே அந்த சர்வர் ஓடும் கணினி அந்நியர் கைக்குப் போகலாம் என்ற நிலை இருந்தது. ஆகவே சர்வரை எப்போதும் புதுப்பித்து வையுங்கள். வொயிட்லிஸ்ட் போட்டு, பெயர் உள்ளவர்களை மட்டும் விடுங்கள். ரவுட்டரில் இருக்கும் டி.எம்.ஜெட். என்ற வசதியைத் தொடவே வேண்டாம். அது எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். விடுமுறை முடிந்ததும் விதியை அணைத்துவிட வேண்டும்.

பெரிய வாசலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு என்ன வழி? பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு ஸ்டாட்டிக் ஐ.பி., அதாவது மாறாத சொந்த முகவரி, தருகின்றன. கேட்டால்தான் சொல்வார்கள். காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால் டெயில்ஸ்கேல், ஸீரோடயர் போன்ற மென்பொருள்களை எல்லாருடைய கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே கதவைத் தட்டி, நடுவில் சந்தித்துக்கொள்ளும் உத்தி அவற்றுடையது. போர்ட் திறக்கும் வேலையே இல்லை. எங்கள் வீட்டில் இப்போதைக்கு இதைத்தான் செய்திருக்கிறோம். நங்கநல்லூர் பையன் உடனே வந்துவிட்டான். மதுரைப் பெண்ணின் இணைப்பு மட்டும் நேரடியாகச் சேராமல் இடையில் வேறொரு சர்வர் வழியே சுற்றி வருகிறது. விளையாட்டில் அவள் ஒரு கதவைத் திறந்தால் சற்றுத் தாமதித்துத்தான் திறக்கிறது.

சரியான மருந்து ஐ.பி.வி.6 என்ற புதிய முகவரி முறை. 1998 முதலே தயாராக இருக்கிறது. அதில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய பங்கிலேயே, பழைய இணையம் முழுவதற்கும் இருந்ததைப் போல 430 கோடி மடங்கு முகவரிகள் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் உலகம் அறிந்த எண் கிடைத்துவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்ற வேலையே போய், ஃபயர்வாலில் ஓர் அனுமதி கொடுப்பதோடு முடிந்துவிடும். ஜியோ 2016இல் தொடங்கும்போதே இதைக் கொண்டுவந்ததால் இந்தியா இந்த விஷயத்தில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. கூகுளின் அளவீட்டில் நம் நாட்டில் இதன் பயன்பாடு மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டது. செல்போனில் இவ்வளவு தூரம் வந்த பிறகும், வீட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இது இன்னும் இல்லை.

ஒரு வீட்டிலிருந்து உலகத்தைப் பார்க்கலாம், உலகம் அந்த வீட்டுக்கு வரலாம் என்பதுதான் இணையம் அமைந்த விதம். விளையாட்டுக்கு மட்டும் இல்லை. ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் வாசல் கேமராவைப் பிறர் சர்வர் இல்லாமல் பார்க்கவும், தன் வலைத்தளத்தைத் தன் கணினியிலேயே நடத்திப் பழகவும் இதே முகவரிதான் வேண்டும். பதினைந்து வயதில் தன் வீட்டில் ஒரு சர்வர் ஓட்டிப் பார்க்கும் பிள்ளை கற்றுக்கொள்வதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது. அதனால் புதிய இணைப்புக்குப் பணம் கட்டும் முன் கேபிள்காரரிடமோ கால் சென்டரிலோ கேளுங்கள்: பொது ஐ.பி. தருவீர்களா, எவ்வளவு? ஐ.பி.வி.6 உண்டா? உங்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தருவீர்களா? பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.