கார்டு வாங்கப் போறீங்களா பாஸ்?

"அண்ணா, எட்டு ஜிபி வாங்கவா, பதினாறு ஜிபி வாங்கவா?"

சிறுசேரி சிப்காட் வாசல். ஷிஃப்ட் முடிந்து வரும் ஐ.டி. கும்பலுக்கு நடுவே, டீ கிளாஸும் கையுமாக ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் தேர்ட் இயர். அம்மா கட்டிய சீட்டு விழுந்திருக்கு. அதில் எழுபதாயிரம் 'பையன் கம்ப்யூட்டருக்கு' என்று ஒதுக்கியாச்சு. பையன் போட்ட கணக்கில் ஐம்பதாயிரம் கிராபிக்ஸ் கார்டுக்கே போயிடுது! மிச்சம் இருபதில் பிராசஸர், போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, மானிட்டர்... கேபினட்டுக்குப் பதிலா அட்டைப்பெட்டிதான் கிடைக்கும்.

"கார்டை விடு. முதல்ல என்னடா விளையாடப் போற?"

"வேலரன்ட்... கவுன்டர் ஸ்ட்ரைக்... லீவுல ஜி.டி.ஏ."

சிக்கல் இங்கேதான். வேலரன்ட்டுக்குத் தனி கார்டே தேவையில்லை. ரைஸன் 5 8600ஜி மாதிரி சிப்புக்குள்ளேயே நல்ல கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் போதும், ஸ்மூத்தா ஓடும். ஒரே கண்டிஷன், ரேமை ஒற்றைக் குச்சியா போடாம ரெண்டா போடணும். அந்த கிராபிக்ஸ் கடன் வாங்கிப் பிழைக்கிறதே ரேமிடம்தான்.

ஆனா, "இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்" (2024), "டூம்: தி டார்க் ஏஜஸ்" (2025) மாதிரி கேம்தான் உங்க டேஸ்ட்னா கதையே வேற. ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லாத கார்டில் இவை திறக்கவே திறக்காது. யாரோ மலிவா தர்றாங்கன்னு பழைய ஜி.டி.எக்ஸ். கார்டு வாங்கினவங்க பெயரைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்.

அடுத்து மானிட்டர். 1080பி ஸ்கிரீனில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 83 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கார்டு இத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுசா வரையணும். 1080பி மானிட்டரை வெச்சுக்கிட்டு 4கே கார்டுக்கு அலையறது, ஷேர் ஆட்டோவில் ஜெட் இன்ஜின் மாட்டுற கதை.

இப்போ தம்பியோட எட்டா, பதினாறா கேள்விக்கு வருவோம். ஹாஸ்டல் மெஸ் கிச்சனை நினைச்சுக்கோங்க. சிப் அடுப்பு, கார்டில் இருக்கிற மெமரி பக்கத்து மேடை. வெட்டின காய் எல்லாம் மேடையில் இருந்தா சமையல் மடமடன்னு நடக்கும். மேடை பத்தலைனா? ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு ஓடணும், அதாவது கம்ப்யூட்டரோட ரேமுக்கு. நல்லா ஓடிக்கிட்டிருந்த கேம் திடீர்னு திக்குதே, காரணம் அந்த ஓட்டம்தான். 2023 மார்ச்சில் "தி லாஸ்ட் ஆஃப் அஸ்" பி.சி.க்கு வந்தப்ப எட்டு ஜிபிகாரங்க பலர் செட்டிங்ஸைக் குறைச்சுதான் விளையாடினாங்க.

இதில் கம்பெனிக்காரங்க பண்ற குசும்பு வேற. ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ., ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ரெண்டுமே 2025-ல் வந்தவை. ரெண்டிலும் 8 ஜிபி, 16 ஜிபி-ன்னு ரெண்டு ரகம். பெயர் மட்டும் அப்படியே ஒண்ணுதான்! டப்பாவில் மூலையில் இருக்கிற நம்பரைப் பார்க்காம பில் போட்டுடாதீங்க. 9060 எக்ஸ்.டி. அறிமுகமானப்ப ரெண்டு ரகத்துக்கும் வித்தியாசம் 50 டாலர்தான். நாலு வருஷம் வெச்சிருக்கப் போறவங்களுக்கு அது தண்டச் செலவு இல்லைன்னு நான் சொல்வேன். இன்டெலின் ஆர்க் பி580 (12 ஜிபி, 2024 டிசம்பர்) நடுவில் ஒரு நல்ல சாய்ஸ், ஆனா பழைய பிராசஸரோடு அதுக்கு ஒத்துப்போகாது.

"செகண்ட் ஹேண்ட் வாங்கலாமாண்ணா? பாதி விலை!"

இந்த இடத்தில் என் வயிறு எரியும். முன்னாடி நானும் ஒருத்தர்கிட்ட பழைய 'ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.' வாங்கினேன். ரூமில் மாட்டினா கேம் ஸ்லைடு ஷோ மாதிரி நகருது. ஜி.பி.யு.-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தா, 'ஃபேக்'னு பளிச்சுன்னு வருது. 2011-ல் வந்த 550 டி.ஐ.யோட பயாஸை மாத்தி, 2016 கார்டுன்னு தலையில் கட்டியிருக்காங்க. வித்தவர் போனும் அதோட ஸ்விட்ச் ஆஃப். அந்த மாசம் மெஸ் பில் கட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால பழைய கார்டுன்னா மூணு விஷயம். ஓடற மெஷினில் மாட்டிக் காட்டச் சொல்லுங்க. ஜி.பி.யு.-இசட் பாருங்க. அரை மணி நேரம் கேம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்க. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறை மாறினதும் ராப்பகலா உழைச்ச கார்டுகள் மார்க்கெட்டில் கொட்டின. சிப் தாங்கிடும், ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும்தான் முதலில் சாகும். ஆர்.எக்ஸ். 580-ன்னு சொன்னா '2048 எஸ்.பி.'யான்னு கேளுங்க. அது பெயரில் மட்டும் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீங்க. 5060 இழுக்கறது 145 வாட்ஸ், பி580 190 வாட்ஸ். நல்ல கம்பெனி 550 வாட்ஸ் யூனிட் தாராளம். கேபினட்டோட ஃப்ரீயா வர்றதை நம்பி இருபதாயிரம் ரூபாய் கார்டை மாட்டறது ஹெல்மெட் இல்லாம ஈ.சி.ஆரில் ரேஸ் விடற மாதிரி. கோவளம், முட்டுக்காடு பக்கம் ரூம் எடுத்திருக்கிறவங்க கேபினட்டை ஜன்னலோரம் வைக்காதீங்க. உப்புக் காத்து சும்மா விடாது. பிளக்கில் எர்த் இருக்கான்னும் பார்த்துடுங்க.

விலைக்கு வருவோம். 2025 கடைசியில் மெமரி விலை எகிறிப் போச்சு. உலகம் பூரா ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கிட்டுப் போனதுதான் காரணம். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான்னு பெரிய தயாரிப்பாளர்கள் மூணே பேர். அதில் மைக்ரான், நம்மள மாதிரி ஆளுங்க வாங்கற 'க்ரூஷியல்' பிராண்டையே மூடப்போறதா 2025 டிசம்பரில் அறிவிச்சாங்க. கார்டில் இருக்கறதும் மெமரிதானே... வலி நமக்கும்தான்.

தம்பி ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனான் (ஞாயித்துக்கிழமை போனா பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்கணும்). நாலு கடையில் எழுத்தில் கொட்டேஷன் வாங்கினான். கடைசியில் வாங்கினது 8600ஜி, ரெண்டு குச்சி ரேம், நல்ல பவர் சப்ளை, 1080பி மானிட்டர். கார்டு இல்லை! மெஷின் லேர்னிங் புராஜெக்டுக்கு கேகிளில் இலவச ஜி.பி.யு. கிடைக்குதுன்னு நான் சொன்னது கொஞ்சம் ஆறுதல். மிச்சம் அம்மா கைக்கே திரும்பிப் போச்சு. இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்டு வந்ததும் பதினாறு ஜிபி-யாம்.

போன வாரம் அவன் ரூமுக்குப் போனேன். வேலரன்ட் ஓடிக்கிட்டிருக்கு. போர்டில் அந்த நீள ஸ்லாட் காலியா வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு. ஜன்னலுக்கு வெளியே சிப்காட் டேட்டா சென்டர் லைட்டெல்லாம் பளபள.

"அண்ணா, மெமரி விலை எப்போண்ணா இறங்கும்?"

"அங்கே போய்க் கேளுடா!" என்று ஜன்னலைக் காட்டினேன்.