மூன்றாம் டிவிசன்

ஒரே ஆட்டத்தில் 92 கோல். எதிரணிக்கு ஒன்றுகூட இல்லை.

1998ஆம் ஆண்டு, ஆசிய-ஓசியானிய நாடுகளின் 18 வயதுக்குட்பட்டோர் ஐஸ் ஹொக்கிப் போட்டியில் தென்கொரியப் பையன்கள் தாய்லாந்துப் பையன்களை அடித்த கணக்கு அது. ஆட்ட நேரம் 60 நிமிடம். வகுத்துப் பார்த்தால் 39 வினாடிக்கு ஒரு கோல். சோங் டோங்-ஹ்வான் என்ற ஒருவன் மட்டும் 31 கோல் போட்டான். சாதனைப் பட்டியல்களில் அவன் பெயர்தான் நிற்கிறது. என் மனதில் நிற்பதோ கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற தாய்லாந்துப் பையன். 50ஆவது கோல் உள்ளே போன பிறகும் அவன் முகமூடியை இறக்கிவிட்டு, முழங்காலை மடக்கி, அடுத்ததற்குத் தயாராகக் குனிய வேண்டும். இன்னும் 42 பாக்கி இருக்கிறது என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

நானுஓயாவில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹொக்கியைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். எங்களுக்குத் தெரிந்த ஐஸ், நீர்கொழும்பிலிருந்து வரும் மீன் லொறியில் இருக்கும் ஐஸ். அதை விட்டால், ஜனவரி பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் பக்கத்துப் புல்வெளிகளில் வெள்ளையாகப் படியும் உறைபனி. சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் பிடிக்கிறார்கள். தோட்டத்துக்காரர்கள் கருகிப்போன கொழுந்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். வெயில் ஏறியதும் அதுவும் போய்விடும். ஸ்வெட்டரும் குல்லாவுமாய்த் திரியும் எங்களுக்குக் கால் வைத்துச் சறுக்க ஒரு முழம் ஐஸ் கிடையாது. பாலைவனத்து அபுதாபியில் முழு அளவுத் திடல் இருக்கிறது. கேப் டவுனில் ஒரு சூதாட்ட விடுதி வளாகத்துக்குள் இருக்கிறது. பாங்கொக்கில் கடைத்தொகுதிக்குள் இருக்கிறது. இந்த விளையாட்டுக்கு வேண்டியது குளிரான ஊர் அல்ல, மின்சாரக் கட்டணம் கட்டக்கூடிய ஊர்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 60 மீற்றர் நீளத்தில் உறைந்த தரை. காலில் கத்தி பொருத்திய சப்பாத்து. அணிக்கு ஐந்து பேரும் ஒரு கோல் காப்பாளரும். பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வில்லை. அதன் பெயர் பக். 20 நிமிடப் பகுதிகள் மூன்று. விளையாட்டைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குப் பேச வேண்டியிருப்பது அதை நடத்துகிறவர்கள் போட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் விதத்தைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் டிவிசன் என்றால் தோட்டத்தின் பிரிவு. மேல் டிவிசன், கீழ் டிவிசன், ஃபெக்டரி டிவிசன். எந்த டிவிசன் என்று கேட்டால் எந்த லயம், யார் கங்காணியின் பேரன் என்பதுவரை விளங்கிவிடும். மேல் டிவிசனில் பிறந்தவன் மேல் டிவிசன்தான், கீழே பிறந்தவன் கீழேதான். சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனமும் அதே சொல்லை வைத்திருக்கிறது. 1908இல் பரிஸ் நகரில் தொடங்கிய அமைப்பு அது. இன்று 80க்கு மேற்பட்ட நாடுகள் அங்கத்தவர்கள். 18 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியை 1999இல் ஜெர்மனியில் ஆரம்பித்தார்கள். உச்சியில் 10 நாடுகள்: கனடா, சுவீடன், பின்லாந்து போன்ற பழம் பெருச்சாளிகள். அதற்குக் கீழே முதலாம் டிவிசன், இரண்டாம் டிவிசன், மூன்றாம் டிவிசன், அவற்றுக்குள்ளும் ஏ, பி என்று கிளைகள். ஒரு கிளையில் நான்கு முதல் ஆறு அணிகள். ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஊர், ஒரு வாரம், ஒரு கிண்ணம். முதலாவது வந்தவன் மேலே போவான், கடைசியாக வந்தவன் கீழே இறங்குவான். அடிமட்டத்தில் இருப்பவனுக்கு இறங்க இடமில்லை என்பதால் அங்கேயே இருந்து அடுத்த வருடம் பார்த்துக்கொள்வான். எங்கள் டிவிசனுக்கும் அவர்கள் டிவிசனுக்கும் வித்தியாசம் அந்த ஏணிதான்.

மூன்றாம் டிவிசனில் ஆடியிருக்கும் நாடுகளின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். மெக்சிகோ, தென்னாபிரிக்கா, துருக்கி, லக்சம்பர்க், ஹொங்கொங், தாய்வான். ஐஸ்லாந்தும் உண்டு, பெயரிலேயே ஐஸ் வைத்திருந்தும் மூன்றாம் டிவிசன். இந்த ஆட்டங்களைப் பார்க்க டிக்கெட்டுக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. ஆனால் சம்பிரதாயத்தில் குறை வைப்பதில்லை. உச்சிப் பிரிவில் நடப்பதுபோலவே இங்கும் ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் கோட்டில் வரிசையாக நிற்கின்றன. வென்ற நாட்டின் கீதம் ஒலிக்கிறது. ஒவ்வோர் அணியிலும் சிறந்த வீரருக்குப் பரிசு. தோற்ற அணிக்கும் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கிளையில் ஆறு அணி என்றால் எல்லாருக்கும் ஐந்து ஆட்டம். முதல் நாளே மண்ணைக் கவ்வினாலும் மிச்சம் நான்கு ஆட்டம் கையில் இருக்கிறது.

ஏன் இத்தனை தட்டு என்று கேட்டால் அந்த 92தான் பதில். கொரியாவையும் தாய்லாந்தையும் ஒரே குழுவில் போட்டால் இரண்டு பேருக்கும் பிரயோசனமில்லை. அடித்தவனுக்கு அது பயிற்சியும் இல்லை. அடி வாங்கியவன் கற்றுக்கொள்வதற்கு பக் அவன் மட்டைக்கு வந்தால்தானே. அந்த ஆசிய-ஓசியானியப் போட்டி 2002உடன் நின்றுபோனது. பிறகு அந்தப் பகுதி நாடுகள் உலகப் போட்டியின் கீழ்த் தட்டுகளில் தங்கள் பலத்துக்கேற்ற இடத்தில் வந்து சேர்ந்தன.

கொரியாவின் கதை அதோடு முடியவில்லை. தட்டுத் தட்டாக ஏறி, 2017 வசந்தத்தில் கியேவ் நகரில் நடந்த போட்டியில் அவர்களுடைய ஆண்கள் அணி உலகின் உச்சிப் பிரிவுக்குத் தகுதி பெற்றது. அடுத்த வருடம் டென்மார்க்கில் ஏழு ஆட்டம் ஆடினார்கள். ஏழிலும் தோல்வி. கனடாவிடம் 10-0. வந்த வழியே கீழே இறங்கினார்கள். 92 கோல் போட்ட நாடும் மேலே போனால் தாய்லாந்துதான். தாய்லாந்தும் ஓடிப்போய்விடவில்லை, அதன் ஆண்கள் அணி இன்று உலகப் போட்டியின் கீழ்ப் பிரிவுகளில் ஆடுகிறது.

நமக்குக் கிட்டிய உதாரணம் லடாக். இந்தியா 1989இல் சம்மேளனத்தில் சேர்ந்தது. இந்திய ஐஸ் ஹொக்கி என்றால் பெரும்பாலும் லே நகரமும் அதைச் சுற்றிய கிராமங்களும்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீற்றர். பிதுருதலாகலை உச்சியின் மேல் இன்னும் ஒரு 1,000 மீற்றரைத் தூக்கி வைத்த உயரம். இராணுவத்தினர் கொண்டுவந்த விளையாட்டை ஊர்ப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இராணுவச் சப்பாத்தின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஸ்கேட்ஸ் ஆக்கினார்கள். கோல் காப்பாளருக்குக் கிரிக்கெட் கால்காப்பு. கர்சூ என்ற குளம் உறைந்தால் ஆட்டம், உருகினால் அடுத்த மார்கழிவரை விடுமுறை. வருடத்தில் இரண்டு மாதம் கிடைத்தால் அதிர்ஷ்டம். குளிர்காலம் சுருங்கச் சுருங்க அதுவும் குறைந்துவருகிறது. வருடம் முழுவதும் திடலில் சறுக்குகிறவர்களோடு இவர்கள் எப்படி மோதுவது?

மோதினார்கள். உலகப் போட்டிக்குள் நுழைய முடியாத ஆசிய நாடுகளுக்காகச் சம்மேளனம் 2008இல் ஆசிய சவால் கிண்ணம் என்று இன்னும் ஒரு தட்டைக் கீழே இறக்கியிருந்தது. இந்திய ஆண்கள் 2009இல் அபுதாபியில் அதில் அறிமுகமாகி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2015இல் குவைத் போவதற்குக் காசில்லாமல் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். பெண்கள் 2016இல் தாய்பேயில் முதன்முதலாக ஆடித் தோல்விகளோடு திரும்பினார்கள். அதில் பலர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். ஊரில் ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சிய நேரத்தில் ஐஸில் இறங்கப் பழகியவர்கள். அடுத்த வருடம் பாங்கொக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். ஆட்டம் முடிந்து வரிசையில் நின்றபோது இந்திய கீதம் ஒலித்தது, பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். உலகப் போட்டிக்குள் இன்னும் நுழையாத இரண்டு அணிகளின் ஆட்டம் அது. எந்தப் பத்திரிகையின் முதல் பக்கமும் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் 2025இல் ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் ஐனில் நடந்த பெண்கள் ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம் வாங்கினார்கள். சம்மேளனப் போட்டியொன்றில் இந்தியப் பெண்களின் முதல் பதக்கம். ஒன்பது வருட வித்தியாசத்தில் தாய்பேயும் அல் ஐனும். நடுவில் யாராவது ‘தகுதி வந்த பிறகு வாருங்கள்’ என்று கதவைச் சாத்தியிருந்தால் அந்தத் தகுதி எங்கிருந்து வந்திருக்கும்?

(இதே லேயில் 2025 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஐஸ் சறுக்கோட்டத்தில் தங்கம் வென்றிருக்கிறார்கள். வெயிலூர்க்காரர்கள் என்று இனி யாரையும் ஒதுக்க முடியாது.)

கென்யாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தேயிலையில் நமக்குப் போட்டியாளன் என்ற பொறாமையோடு. நைரோபி ஏறத்தாழ நம்முடைய மலை உயரம்தான்; பூமத்திய ரேகைக்கு நம்மைவிடக் கிட்ட. அங்கே ஒரு ஹோட்டலுக்குள் சின்னதாக ஒரு சறுக்குத் திடல் 2005இல் திறந்தார்கள். அதை வைத்துக்கொண்டு ‘ஐஸ் லயன்ஸ்’ என்று ஓர் அணி உருவானது. மோதுவதற்கு நாட்டில் இன்னோர் அணி இல்லை. தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடினார்கள். 2018இல் கனடாவின் காப்பிக்கடை நிறுவனமான டிம் ஹோர்ட்டன்ஸ் அவர்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய், அந்த விளையாட்டின் பெரும் நட்சத்திரமான சிட்னி கிராஸ்பியோடு ஐஸில் இறக்கிவிட்டது. விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2024இல் கென்யா சம்மேளனத்தின் அங்கத்துவ நாடாகிவிட்டது. விளம்பரப் படம் முடிந்த பிறகும் ஆட்டத்தை விடாமல் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அது.

நானுஓயாவில் ஐஸ் திடல் கட்டுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டுப்பட்ட நாடு இது. தண்ணீரை உறையவைத்துக் காவல் காப்பது நமக்குக் கட்டாது. நான் பொறாமைப்படுவது ஐஸைப் பார்த்து அல்ல.

எங்கள் தோட்டங்களில் பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் திருவிழாவுக்கும் கரப்பந்து, மென்பந்து கிரிக்கெட் போட்டிகள் நடக்கும். அநேகமாக எல்லாமே நொக்கவுட். தோற்றால் வீட்டுக்கு. பக்கத்துத் தோட்டத்திலிருந்து பையன்கள் காசு சேர்த்து ஜெர்சி அடித்து, லொறி பிடித்து, பெயர் பொறித்த துணியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். முதல் ஆட்டத்தில் நகரத்துப் பெரிய கழகம் ஒன்று எதிரே விழும். இருபத்தைந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். லொறிக்காரர் மாலைவரை நிற்கமாட்டார். பதினொரு மணிக்குத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்து ‘என்னடா, அரைப்பேரா?’ என்று லயத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். கொழுந்து குறைந்தால் அரை நாள் கணக்கு எழுதுகிற பழைய வழக்கம் அது. கேட்பவருக்குச் சிரிப்பு, ஆறு மாதம் காசு சேர்த்தவனுக்கு என்னவென்று அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

பாடசாலைப் போட்டியும் பெரிய வித்தியாசம் இல்லை. கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஏணி மாதிரித்தான் தெரியும். ஆனால் அது வடிகட்டி. முதல் சல்லடையில் விழுந்தவனுக்கு அந்த வருடம் அவ்வளவுதான். பாடசாலைக் கிரிக்கெட்டில் மட்டும் முதலாம், இரண்டாம், மூன்றாம் பிரிவு என்று வகுத்து, வல்லமைக்கேற்ற எதிரிகளை ஓரளவு கொடுக்கிறார்கள். மற்ற விளையாட்டுகளுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. நானுஓயாவிலிருந்து தலவாக்கலைப் பக்கம் இறங்கினால் ரதெல்ல மைதானம் வரும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தது. சுற்றுப்பயணம் வந்த இங்கிலாந்து அணிகள்கூட ஆடிய புல். அந்தப் புல்லை வெட்டிச் சமன்படுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடுகிறார்கள் என்று யாராவது எண்ணிப்பார்க்கலாம். நொக்கவுட்டுக்குப் பதிலாக எட்டுத் தோட்டத்தை இரண்டு டிவிசனாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும் என்று ஓர் அட்டவணை போட ஐஸும் வேண்டாம், கோடியும் வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். மேலே வந்தவன் அடுத்த வருடம் மேல் டிவிசன். கீழ் டிவிசன்காரன் மேல் டிவிசனுக்குப் போக எங்கள் மலையில் அப்படியாவது ஒரு வழி இருக்கட்டுமே.

ஸ்காபரோவில் இருக்கும் சித்தி மகள் ஞாயிறு இரவு அழைப்பாள். அங்கே அவளுக்கு ஞாயிறு காலை. ஹட்டனில் பிறந்து, நானுஓயா ஸ்டேஷனில் ரயிலேறிக் கொழும்பு போய், கனடாவில் குடியேறியவள். அவளுடைய பதினொரு வயது மகன் ஐஸ் ஹொக்கி ஆடுகிறான். டொரொண்டோப் பக்கம் சிறுவர் ஹொக்கியிலும் தட்டுகள்தான்: ட்ரிபிள் ஏ, டபிள் ஏ, ஏ, அதற்குக் கீழே பயணம் போகாத உள்ளூர் லீக். நம்ம மருமகன் அந்த உள்ளூர் லீக்கில். பயிற்சிக்கு விடியக்காலை ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டும் என்று புலம்புவாள். ஸ்கேட்ஸ் வருடத்துக்கு ஒருமுறை சின்னதாகிவிடுகிறது என்று அதைவிடப் புலம்புவாள்.

போன வாரமும் அழைத்தாள். பின்னால் வாகனச் சத்தம்.

“என்னம்மா, மருமகன் மேட்ச் என்னாச்சு?”

“தோத்துட்டாங்க அண்ணே. ஏழுக்கு ஒன்னு.”

“ஐயோ. அழுதானா?”

“அழல. பின் சீட்டுல தூங்குறான். சனிக்கிழமை அடுத்தது இருக்கு.”