ஏடும் இசையும்

மனிதனது உடல் உண்டியால் வளர்கின்றது. அவனது உள்ளம் கல்வியாலும் கேள்வியாலும் வளர்கின்றது. திருக்குறளின் 40ஆம் அதிகாரம் கல்வி. 42ஆம் அதிகாரம் கேள்வி. இரண்டுக்கும் நடுவே கல்லாமை நிற்கின்றது. கண்வழிப் பெறுவதும் செவிவழிப் பெறுவதும் வாய்க்காதவனுக்கு எஞ்சுவது யாது என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துவது போலும். நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, ஏடும் இசையும் மனிதனது நோக்கினை எவ்வாறு அமைக்கின்றன என்னும் பொருளையே எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். தமிழாசிரியராய் வகுப்பறையில் நாம் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா அதுவேயாகும்.

நோக்கு என்பது யாது? சவளக்கடையின் வயல்வெளியை உழவன் ஒருவிதமாகக் காண்பான். வணிகன் வேறுவிதமாகக் காண்பான். புலவன் பிறிதொருவிதமாகக் காண்பான். வயல் ஒன்றே, காண்பார் உள்ளத்தில் முன்னரே குடிகொண்டிருப்பவை வேறு. அவ்வாறு உள்ளத்திற் குடிபுகுவனவற்றுள் ஏடும் இசையும் தலையாயவை. ஏடு நம்மோடு வாதிட்டு, நமது இசைவு பெற்று உள்ளே வருவது. 1904ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து டர்பனுக்குப் புகைவண்டியிற் சென்ற காந்தியடிகள், ரஸ்கின் எழுதிய சிறு நூலொன்றை இரவெல்லாம் படித்துத் தமது வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டார் என்பதை அவரது சுயசரிதை கூறும். இசையோ வாதிடுவதில்லை, நமது இசைவை எதிர்பார்ப்பதுமில்லை. பொருள் விளங்கு முன்னரே அது நெஞ்சிற் படிந்துவிடும். தாலாட்டைக் கேட்ட குழந்தை அதன் சொற்களை அறியாது. ஆயினும் தாய்மொழியின் ஓசையொழுங்கு முழுவதும் அப்பொழுதே அதன் செவியில் ஏறிவிடுகின்றது.

படித்தல் என்னும் சொல்

ஈண்டு நமது நாட்டு வழக்கொன்றை நோக்குதல் தகும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் ‘பாட்டுப் படித்தல்’ என்றால் பாட்டைப் பாடுதல் என்பதே பொருள். ஏட்டை வாசித்தலும் படித்தலே. இராகமெடுத்துப் பாடுதலும் படித்தலே. இவ்விரு பொருளையும் ஒரு சொல்லே தாங்குவது தற்செயலன்று. எமது ஊர்களில் ஏடு என்பது நெடுங்காலம் ஓசையோடு கூடியே வழங்கிற்று. கோயிலிற் புராணம் படிக்கும்பொழுது ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார்; மற்றொருவர் பயன் சொல்வார். எழுத்தறியாத முதியோரும் அவ்வாறே கந்தபுராணத்தையும் திருவாதவூரடிகள் புராணத்தையும் தமதாக்கிக்கொண்டனர். முஸ்லிம் ஊர்களிலும் சீறாப்புராணமும், மசலா, மாலை, முனாஜாத்து என்னும் வகையான நூல்களும் ஓசையோடு ஓதப்பெற்றே மக்களிடம் பரவின. அங்கே தாய்மாரும் வேளாண்மை செய்வோரும் பாடிய கவிகள் ஏடேறாத இலக்கியமாய் விளங்கின.

வயலிலும் இவ்வாறே. சூடு மிதிக்குங் களவெட்டியில் மாடுகள் இராமுழுதும் சுற்றிவரப் பொலிப்பாட்டு எழும். அப்பாட்டு உறக்கத்தை விலக்கியது. மாட்டையும் ஆளையும் ஒரே நடையில் இயங்கச் செய்தது. விளைவைப் பொலிக என வாழ்த்தியது. உழைப்பு வேறு, வழிபாடு வேறு, கலை வேறு என்று பிரித்தறியாத ஒரு நோக்கினை அது அமைத்தது. இசை நோக்கினை அமைக்கும் என்பதற்குப் பெருநூல்களைத் தேடிப் போக வேண்டுவதில்லை. பழைய களவெட்டியே சான்று.

ஓர் ஊர்ச் சிறுவனின் வரலாறு

ஏடும் இசையும் ஒருவரிடத்து ஒருங்கே கூடி வளர்ந்தமைக்கு நமது கரையிலேயே ஒப்பற்ற எடுத்துக்காட்டு உண்டு. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதை அடுத்துள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவனே பின்னாளில் சுவாமி விபுலாநந்தராய் விளங்கினார். காரைதீவில் கண்ணகையம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களில் அங்கே கதவு திறந்து, கண்ணகி வழக்குரை காதையைப் பாடி, இறுதியிற் குளிர்த்தி செய்வர். கோவலன் கதை அவ்வூர்ச் சிறுவர்க்குப் பள்ளிப் பாடமாக வருவதற்கு முன்னரே பாட்டாக வந்துவிடும். பிற்காலத்தில் விபுலாநந்தர் தமது வாழ்நாளின் பெரும்பணிக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையே அடிநிலையாகக் கொண்டார். இளமையிற் செவிவழிப் புகுந்த அக்கதைக்கும் முதுமையில் அவர் செய்த ஆய்வுக்கும் தொடர்புண்டு என நாம் கருதுவது மிகையாகாது.

அவர் கற்ற ஏடுகளோ பலதிறத்தன. கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பயிற்றப்பட்ட ஆசிரியரானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறினார். அதே காலத்தில் இரசாயனத்திலும் தகைமை பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயினார். 1924இல் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்பிட்டு ‘மதங்க சூளாமணி’ இயற்றியவரும் அவரே. தமிழ், வடமொழி, ஆங்கிலம், விஞ்ஞானம் என்னும் இவற்றுள் ஒன்றனை ஏற்று மற்றொன்றனைத் தள்ளும் குறுகிய நோக்கு அவரிடம் தோன்றவில்லை. பல ஏடு கற்றவன் பெறும் பயன் இதுவே.

இழந்த இசையை ஏடு மீட்டமை

பழந்தமிழர் போற்றிய யாழ் இடைக்காலத்திலேயே வழக்கொழிந்து போயிற்று. கருவியும் இல்லை, வாசிப்பாரும் இல்லை, எஞ்சியவை நூல்களும் உரைகளுமே. 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டுப் பழந்தமிழிசை ஆராய்ச்சிக்கு வழி திறந்தார். விபுலாநந்தர் கணிதமும் பௌதிகமும் கற்ற கண்ணோடு அத்துறையிற் புகுந்து, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் அமைதியை ஆராய்ந்தார். ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19ஆம் நாள் ஆசிரியர் மறைந்தார்.

அந்நூலின் அடிப்படையை எளிய முறையில் விளக்கலாம். பண்டையோர் ஏழிசையைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என அழைத்தனர். கட்டிய நரம்பொன்றனை அதே முறுக்கில் வைத்து, நீளத்தைப் பாதியாக்கி மீட்டினால் அதே இசை ஒரு தானம் மேலே ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். ஆகவே இசையின் இனிமை மனம் போனபடி அமைந்ததன்று, அளவினால் அமைந்தது. இவ்வுண்மையைக் கணக்குப் பாடத்தில் மட்டும் கற்ற மாணவன் பின்னங்களை மறந்துவிடக்கூடும். நரம்பிற் கேட்டு அறிந்தவன் மறவான்.

இன்னுமொன்று. நின்ற நரம்புக்கு ஐந்தாவதைக் கிளை என்றும், நான்காவதை நட்பு என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் இசைநூலார் கூறினர். உறவுச் சொற்களாலேயே இசையை அளந்த மக்கள் நம் முன்னோர். ஒரு நரம்புக்குப் பகையாய் நிற்பது வேறொன்றுக்குக் கிளையாகும். எனவே பகைமை எந்த நரம்பினதும் பிறவிக்குணமன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவினால் நேர்வது. எல்லா நரம்பும் கூடினாலன்றிப் பண் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் எமது கரையில் இந்த இசையிலக்கணம் வாழ்க்கையிலக்கணமாகவும் கொள்ளத்தக்கது.

அயலாரின் ஏடு

இதனை வாழ்ந்து காட்டியோர் உளர். 1942ஆம் ஆண்டு கல்முனையில் உதவி அரசாங்க அதிபராய்க் கடமையேற்ற ஏ. எம். ஏ. அஸீஸ், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர். கல்முனையில் இருந்த காலத்தில் விபுலாநந்த அடிகளின் நட்பைப் பெற்றார். கல்வியே சமூகத்தை உயர்த்தும் என்னும் உறுதியோடு அக்காலத்திலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்தார். ஒருவர் தமது சமயத்திற் சிறிதும் தளராது அயலாரின் ஏட்டையும் போற்றலாம் என்பதற்கு இவ்விருவர் நட்பும் சான்றாகும்.

அடுத்த தலைமுறையில், பெரியநீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணன் கல்முனைப் பகுதியில் இளங்கவிஞர் பலருக்கு ஊக்கமளித்தார். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் அவர்களுள் ஒருவர். நீலாவணன் 1975இல் மறைந்தார். அவர் பாடிய ‘வேளாண்மை’ என்னும் காவியம் அவரது மறைவுக்குப் பின்னரே நூலுருப் பெற்றது. வயலில் ஒலித்த ஓசை ஏட்டில் ஏறியமைக்கு அந்நூல் நல்ல எடுத்துக்காட்டு.

இக்கால நிலை

இனி, இன்று நம் கண்முன் நிகழ்வது யாது? களவெட்டியின் இடத்தை அறுவடை இயந்திரம் பிடித்துக்கொண்டது. உழவனின் முதுகொடியும் உழைப்பு குறைந்தமை நன்றே. அதனை நாம் குறைகூறோம். ஆனால் பொலிப்பாட்டும் அதனோடு போயிற்று. மாணவன் காதில் இன்று இசைக்குப் பஞ்சமில்லை; கைத்தொலைபேசி அதனை ஓயாது வழங்குகின்றது. எனினும் அவன் தனியே கேட்கின்றான்; பிறரோடு சேர்ந்து பாடுவதில்லை. ஏடும் அவன் கையில் உண்டு. அது பெரும்பாலும் கடந்தகால வினாத்தாளும் விடைக் குறிப்புமே. செய்யுளுக்குப் பொருள் எழுத வல்லவன், அதனை ஓசை கெடாது வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தடுமாறுகின்றான். படித்தல் என்னும் நமது பழஞ்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே மெலிந்து வருகின்றன.

ஏடுகளின் இழப்பும் நாம் அறியாததன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களில் உயிர்களோடு ஏடுகளையும் வாரிச் சென்றது. ஆயினும் எரிந்த நூலை மறுபடியும் அச்சிடலாம். பாடுவார் நாவோடு மறையும் பாட்டை எங்கே தேடுவது? போர் நிலவிய ஆண்டுகளில் அயலூர் செல்லவே அஞ்சி வளர்ந்த தலைமுறையொன்று இங்கே உண்டு. அவர்தம் மக்கள் கிட்டங்கித் தாம்போதியின் இருபுறத்திலும் ஒரே தமிழைப் பேசுகின்றனர்; ஆனால் ஒருவர் பாட்டை மற்றவர் அறியார். அயலானின் பாட்டை அறியாதவன் அவனைப் பற்றிப் பிறர் சொல்லும் வதந்தியையே அறிவான். நோக்குக் கெடுவது அவ்விடத்திலேயே.

செய்யத்தக்கன

நமது ஆற்றலுக்கு உட்பட்டவை மூன்று. முதலாவது, தமிழ்ப் பாடவேளை ஒவ்வொன்றிலும் பத்து நிமிடமேனும் செய்யுளை வாய்விட்டு, ஓசையறிந்து, வகுப்பு முழுவதும் கூடிப் படித்தல் வேண்டும். சவளக்கடையில் எமது வகுப்பில் இதனைச் செய்து வருகின்றோம். எழுத்திற் பின்தங்கிய மாணவரும் செவியால் முந்துகின்றனர். ஓசையின் வழியே சொல்லும், சொல்லின் வழியே பொருளும் அவர்க்கு எட்டுகின்றன.

இரண்டாவது, ஊர் முதியோர் நாவில் எஞ்சியுள்ள பாட்டுக்களை மாணவரைக் கொண்டே பதிவு செய்தல் வேண்டும். கண்ணகி குளிர்த்தியும் வசந்தனும் பதியப்படுமாயின், முஸ்லிம் தாய்மாரின் தாலாட்டும் நாட்டுக்கவியும் களிகம்புப் பாட்டும் அவற்றோடு ஒருங்கே பதியப்படல் வேண்டும். அக்கருவியாவது மாணவர் கையிலேயே இருக்கின்றது. கேட்பதற்கு மட்டும் பயன்பட்ட தொலைபேசி அன்று முதல் காப்பதற்கும் பயன்படும்.

மூன்றாவது, பழைய மாணவர் கடன். கல்லூரிக்குக் கட்டடமும் மதிலும் அளித்த அன்பர்களுக்கு நாம் என்றும் நன்றியுடையோம். இனி, தாம் இளமையில் விரும்பிக் கற்ற ஒரு நூலை ஒவ்வொருவரும் கல்லூரிக்கும், வசதி குறைந்த அயற்கிராமப் பள்ளியொன்றுக்கும் அனுப்புவாராக. அது தம்மை எவ்வாறு ஆக்கிற்று என்று அதன் முதற்பக்கத்தில் இரண்டு வரி எழுதியனுப்பின் இன்னுஞ் சிறப்பு. முன் கற்றவன் ஒருவனது கையெழுத்து, பின் கற்பவனுக்குத் துணையாகும்.

காரைதீவுச் சிறுவன் ஒருவன் கோயிற் பாட்டிலிருந்து ஏட்டிற்குச் சென்றான். அறிவு முதிர்ந்தபின் ஏட்டிலிருந்து ஓர் இசையை மீட்டு நாட்டிற்கு வழங்கினான். அத்தகைய சிறுவர் இன்றும் நமது வகுப்பறைகளில் அமர்ந்திருத்தல் கூடும். அவர்தம் செவிக்கு நல்ல பாட்டும் கைக்கு நல்ல ஏடும் சேர்ப்பிப்பது நமது கடமை. அக்கடமைக்கு இவ்விழா ஆண்டு தொடக்கமாகுக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.